ஏழாம் பெட்டியின் எடை

எங்கள் வட்டாரத்துச் சிறிய அருங்காட்சியகத்தில் என் கையெழுத்தில் ஒரு தாள் கண்ணாடிக்குள் இருக்கிறது. பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேன்பெட்டியின் எண், எதிரே அதன் எடை. ஏழாவது, எட்டாவது வரிகளில் மட்டும் நான் மையால் எழுதிய எடை அடிக்கப்பட்டு, பக்கத்தில் பென்சிலால் வேறு எடை எழுதப்பட்டிருக்கிறது. கீழே ஒரு குறிப்பு ஒட்டியிருக்கிறார்கள்: "எதிரியின் அறியாமையைப் பயன்படுத்தி அச்செழுத்துகளைக் கடத்திய தேனீ வளர்ப்போர்."

அந்தக் குறிப்பு தவறு. அதைத் திருத்தும்படி மூன்று கடிதம் போட்டேன். மூன்றுக்கும் நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. குறிப்பு அப்படியே இருக்கிறது. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன்.

1942 ஆகஸ்ட். லுப்லியானா நகரைச் சுற்றி இத்தாலியர் முள்வேலி போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒருவரும் வெளியே போக முடியாது. நகரத்துக்குள் அச்செழுத்து இருந்தது, காகிதம் இருந்தது, ஆனால் வாரம் ஒரு வீடாகச் சோதனை நடந்தது. வெளியே காட்டுக்குள் எங்கள் ஆட்கள் ஒரு அச்சு இயந்திரத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அங்கே எழுத்துகள் இல்லை. எங்கிருந்தோ கிடைத்த இத்தாலிய எழுத்துகளை வைத்து இரண்டு துண்டறிக்கை அடித்தார்கள். எங்கள் மொழிக்கே உரிய எழுத்துகள் அதில் கிடையாது. அதைப் படித்த குடியானவர்கள், எதிரி அடித்துவிட்ட போலித்தாள் என்று அடுப்பில் போட்டார்கள். ஆக, முப்பது கிலோவுக்குக் குறையாத ஈய எழுத்துகளை வேலிக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். பிடிபட்டால் சுவரோரம் நிறுத்திச் சுடுவார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

என் அக்கா சில்காவின் கணவர் காஷ்பர் தச்சர். அறுபது கூடு தேனீ வைத்திருந்தார். நான் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன். ஆகஸ்டில் ஆய்டா என்ற தானியப் பயிர் பூக்கும்போது பெட்டிகளை வண்டியில் ஏற்றி வயல்களுக்குக் கொண்டுபோவது எங்கள் பக்கம் எல்லாரும் செய்வது. கோடையில் தேன் எடுத்துவிட்டதால் பெட்டிகள் அப்போது காலியாக, லேசாக இருக்கும். ஆய்டாப் பூவில் மேய்ந்து குளிர்காலத்துக்குச் சேர்த்துக்கொண்டு திரும்பும். சண்டை வந்தாலும் தேனீக்குப் பசிக்கும் என்று இத்தாலிய அலுவலகத்துக்கே தெரியும். நான் விண்ணப்பம் எழுதினேன். அனுமதி கிடைத்தது.

பன்னிரண்டில் பத்துப் பெட்டியில் தேனீ. ஏழிலும் எட்டிலும் இருந்த தேனீயை அகற்றிவிட்டு ஈயம். குலுங்கிச் சத்தம் வராமலிருக்க அத்தான் எழுத்துகளின் மேல் மெழுகைக் காய்ச்சி ஊற்றியிருந்தார்.

இனி என் தவறைச் சொல்கிறேன். மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்து எழுதிவைப்பது எங்கள் சங்கத்தின் வழக்கம். திரும்பி வந்ததும் மறுபடி நிறுத்தால் எவ்வளவு சேர்ந்தது என்று தெரியும். விண்ணப்பத்துக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை. யாரும் கேட்கவுமில்லை. ஆனால் பட்டியல் இல்லாமல் ஒரு விண்ணப்பத்தை அனுப்ப என் கை வரவில்லை. ஈயம் வைப்பதற்கு ஒரு வாரம் முன்பே பன்னிரண்டையும் நிறுத்து, எழுதி, இணைத்து அனுப்பினேன். ஏழு: ஒன்பது கிலோ நானூறு. எட்டு: ஒன்பது கிலோ நூறு. அந்தத் தாள் அலுவலக முத்திரையோடு அனுமதிச் சீட்டின் பின்னால் ஊசி குத்தித் திரும்பி வந்தது. ஈயம் ஏற்றியபோது ஒரு கணம்கூட அது என் நினைவுக்கு வரவில்லை.

விடியும்போது கிளம்பினோம். கூட்டின் வாயைக் கம்பிவலையால் அடைத்திருப்பதால் வெயிலுக்கு முன் போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறினால் உள்ளே தேனடை உருகித் தேனீ மூச்சுமுட்டிச் சாகும். ஆனால் தெற்குச் சாவடியில் எங்களுக்கு முன்னால் பதினொரு வண்டி நின்றது.

"அத்தான், மணி ஒம்பதாகுது" என்றேன்.

"அதைச் சூரியன்கிட்ட சொல்லு. எனக்குத் தெரியும்."

"பெட்டியெல்லாம் கத்துது."

"கத்தட்டும். கத்தாததுதான் எனக்குக் கவலை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெப்பம் ஏற ஏறப் பத்துப் பெட்டிகளும் இரைந்தன. நடுவில் இரண்டு மட்டும் கல் மாதிரி இருந்தன.

எங்கள் முறை வந்தபோது சாவடிச் சார்ஜென்ட் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பெட்டிகளின் முன்பலகையில் படம் வரைந்திருக்கும். மூன்றாம் பெட்டியில் ஒரு பெண்ணின் நாக்கைச் சாணைக்கல்லில் பிடித்துத் தீட்டும் பிசாசு. சார்ஜென்ட்டுக்கு அது பிடித்துப்போயிற்று.

"யாரு இந்தப் பொம்பளை?"

நான் மொழிபெயர்த்தேன். அத்தான் என்னைக் கைகாட்டி, "என் மச்சினி. இதோ நிக்கிறா பாருங்க" என்றார்.

"ஒரு உறவுக்காரப் பெண்" என்று இத்தாலிய மொழியில் சொன்னேன். அத்தான் கைகாட்டியதை அவர் பார்த்திருந்தார். தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டுச் சீட்டை வாங்காமலே போகச்சொல்லக் கையைத் தூக்கினார்.

அந்நேரம் சாவடிக்குப் பின்னாலிருந்து ஒரு கார்ப்பரல் வந்தார். முப்பது வயதிருக்கும். ஒல்லி. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு விரல் முட்டியால் முதல் பெட்டியைத் தட்டினார். உள்ளே சட்டென்று ஒரு இரைச்சல் எழுந்து அடங்கியது. தலையசைத்தார். இரண்டாவதைத் தட்டினார்.

தட்டிப் பார்க்கத் தெரிந்தவன் வளர்த்தவன். பிழைத்திருக்கும் கூடு பதில் சொல்லும். ராணி இல்லாத கூடு நீளமாக அழும். அந்த வித்தியாசம் வெளியாளுக்குத் தெரியாது.

"என்னடா, கதவைத் தட்டி விருந்துக்கு வந்தேன்னு சொல்றியா?" என்றார் சார்ஜென்ட்.

"எங்கப்பா மலையில தேனீ வெச்சிருந்தாரு, சார்."

ஆறாவது பதில் சொல்லிற்று. ஏழாவது சொல்லவில்லை. மறுபடி தட்டினார். எட்டையும் தட்டினார். பிறகு என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் புரட்டினார். பின்னால் இருந்த பட்டியலைப் பார்த்தார். தாளில் விரலை ஓட்டி ஏழாவது வரியில் நிறுத்தினார். இரண்டு கையாலும் ஏழாம் பெட்டியின் பின்பக்கத்தைச் சற்றே தூக்கி இறக்கினார்.

"இது கனமா இருக்கு" என்றார். சார்ஜென்ட்டுக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

"எவ்வளவு கனம்?"

"பட்டியல்ல ஒம்பது கிலோ. இது ஒம்பது இல்ல."

சார்ஜென்ட்டின் சிரிப்பு போய்விட்டது. பொத்தானைப் போட்டுக்கொண்டார். "தொறக்கச் சொல்லு."

நான் அத்தானிடம் சொன்னேன். அத்தான் வண்டியிலிருந்து இறங்கினார். பெட்டிப் பக்கம் போகவில்லை. குதிரைப் பக்கம் போய்ப் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்ன பண்றான் அவன்?"

"கூட்டைத் தொறக்கறதுக்கு முன்னாடி குதிரையை அவுத்து எட்டக் கொண்டுபோகணும்" என்றேன். "இல்லாட்டி கொட்டியே கொன்னுடும்."

"குதிரையையா?"

"குதிரைதான் முதல்ல சாகும்" என்றார் கார்ப்பரல், என்னைப் பார்க்காமல். "அவன் செய்யறது சரி."

அத்தான் குதிரை லிஸ்காவை நூறு அடி தள்ளி ஒரு மரத்தில் கட்டினார். அவசரமே இல்லாமல் கட்டினார். சட்டைக் கையை இறக்கி மணிக்கட்டில் நூல் சுற்றினார். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகினார். சாவடியில் இருந்த காவலர்கள் நால்வரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் தானாகவே இரண்டடி பின்னால் போனார்.

அத்தான் திரும்பி வரும்போது என் பக்கத்தில் தாழ்ந்த குரலில், "நீ அந்தக் குதிரைக்கிட்ட போய் நில்லு" என்றார்.

"நான் போனா யாரு மொழிபெயர்க்கறது?"

"இப்ப நடக்கப்போறதுக்கு மொழிபெயர்ப்பு வேணாம்."

நான் போகவில்லை. அவர் ஏழாம் பெட்டியின் மேல் கைவைத்தார். பிறகு, இடைஞ்சலாக இருக்கிறது என்பதுபோல் ஆறாம் பெட்டியைத் தம் பக்கம் இழுத்தார். இழுத்தவர் அதன் வாயிலிருந்த கம்பிவலையைப் பிடுங்கினார்.

ஐந்து மணிநேரம் வெயிலில் அடைந்து கிடந்த கூடு. புகை வந்த மாதிரி வெளியே வந்தது. சார்ஜென்ட் கழுத்தில் இரண்டு, காதில் ஒன்று வாங்கிக்கொண்டு சாவடி அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார். மற்றவர்கள் பள்ளத்தில் குதித்தார்கள். நான் எங்கள் வழக்கப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல் நின்றேன். உதட்டில் ஒன்று கொட்டியது. கண்ணைத் திறந்தபோது அத்தானின் தலைமுடி தெரியவில்லை, அத்தனை தேனீ.

கார்ப்பரல் ஓடவில்லை. நான் நின்றதுபோலவே கையைத் தொங்கவிட்டு அசையாமல் நின்றார். கன்னத்தில் நடந்த தேனீயைத் தட்டிவிடவில்லை.

அறைக்குள்ளிருந்து சார்ஜென்ட் கத்தினார். "அந்தச் சனியனை இங்கேருந்து கொண்டுபோகச் சொல்லு. தொறந்து பாத்தியாடா?"

கார்ப்பரல் மெல்ல நடந்து ஏழாம் பெட்டிக்கு வந்தார். இப்போது அவரைத் தடுக்க எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. பின்பக்க மூடியில் விரலை வைத்து அரை அங்குலம் தூக்கினார். குனிந்து பார்த்தார். மெழுகுக்கு அடியில் ஈயம் எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. மூடியை இறக்கினார்.

"பாத்துட்டேன், சார்" என்றார் உரக்க. "செத்த கூடு. தேன் அப்படியே இருக்கு. அதான் கனம்."

பிறகு பட்டியலை வண்டிச் சட்டத்தில் வைத்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"இந்தப் பட்டியல எழுதினது யாரு?"

"நான்தான்."

"ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்கீங்க, அம்மணி. இந்த ஒழுங்கே உங்கள சுவர்ல நிறுத்தியிருக்கும். பாலத்துக்கிட்ட ரெண்டாவது சாவடி இருக்கு. அங்க தராசு வெச்சு நிறுக்கிறாங்க. அங்க இருக்கிறவங்களுக்குத் தேனீயும் தெரியாது, பயமும் கிடையாது."

ஏழாவது வரியில் என் எண்ணை அடித்து இருபத்து நாலு என்று எழுதினார். எட்டாம் பெட்டியைத் தூக்கிப் பார்த்து அதற்கும் இருபத்து நாலு. பக்கத்தில், 'செத்த கூடு, மற்றவற்றுக்குத் தீனி' என்று எழுதித் தம் பெயரின் இரண்டு முதலெழுத்தைப் போட்டார்.

"உங்க பேரு?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் ஏன் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை. எழுதிவைக்கும் புத்திதான்.

"அது உங்க பட்டியலுக்கு வேணாம்."

ஆறாம் பெட்டியை ஏற்ற முடியாது. வெளியே வந்த தேனீ அந்தி சாயும்போதுதான் திரும்பும். அதுவரை கூடு அதே இடத்தில் இருக்க வேண்டும். அத்தானின் முகம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டது. இருந்தும் நகர மறுத்தார்.

"விட்டுட்டு வர முடியாது பவ்லா. அது என் நல்ல கூடு. நாலு வருஷ ராணி வம்சம்."

"அத்தான், தயவுசெஞ்சு."

"இங்கயே இருக்கட்டும்" என்றார் கார்ப்பரல். அவருக்கு எங்கள் மொழி தெரியாது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்திருந்தது. "நான் பாத்துக்கறேன்."

பாலத்துச் சாவடியில் தராசு இருந்தது. பதினோரு பெட்டியையும் இறக்கி நிறுத்தார்கள். ஏழு: இருபத்து நாலரை. எட்டு: இருபத்து மூன்று கிலோ எண்ணூறு. நிறுத்தவர் தாளையும் முள்ளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "கையால தூக்கியே சொல்லியிருக்கான், பரவாயில்லையே" என்று முத்திரை குத்தினார். ஒன்பதே கிலோ என்று எழுதியிருந்தால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன். ஒன்பதாம் பெட்டியும் பத்தாம் பெட்டியும் வெப்பத்தில் செத்துப்போயிருந்தன. மற்றவை பிழைத்தன. ஈயத்தை அன்று மாலையே காட்டு ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள்.

நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தோம். ஆறாம் பெட்டி சாவடிக்குப் பின்னால், நிழலில், இரண்டு செங்கல் மேல் இருந்தது. வாய் தென்கிழக்கைப் பார்த்து. மூடி பறக்காமலிருக்க மேலே ஒரு கல். தேனீ போய்வந்துகொண்டிருந்தது. காதில் வீக்கம் வடியாத சார்ஜென்ட், "எடுத்துட்டுப் போங்க, என் கண்ணுல படாம" என்றார். கார்ப்பரலைக் கேட்டேன்.

"அவனா? காட்டுப்பக்கம் அனுப்பிட்டாங்க. உங்காளுங்களப் பிடிக்க."

அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கோடையில் காட்டுப்பக்கம் போன அவர்கள் ஆட்களில் பலர் திரும்பவில்லை. அவர் கடத்தவிட்ட எழுத்தால் அச்சான தாள்களை ஊர்கள் நம்பின. நம்பியவர்கள் ஆள் கொடுத்தார்கள், ரொட்டி கொடுத்தார்கள், வழி காட்டினார்கள். அந்த வழியில் அவர் நின்றிருக்கலாம். இதை நான் எத்தனை முறை கணக்குப் போட்டாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

போர் முடிந்து நாடு எங்கள் கைக்கு வந்தபின், அருங்காட்சியகத்துக்காகத் தாளை வாங்க வந்த அதிகாரியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டார். "தோழர், நாம ஜெயிச்ச கதையில எதுக்கு அவங்காளு?" என்றார். அத்தான் பக்கத்தில் இருந்தார். "ஆறாம் பெட்டியோட வம்சம் இன்னும் எங்கிட்ட இருக்குங்க. வந்து கேளுங்க, சொல்லும்" என்றார். அதிகாரி அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு லட்சம் படை வைத்திருந்தவர்களை இருபது லட்சம் பேர்கூட இல்லாத ஒரு சனம் எதிர்த்து நின்றது என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் நின்றோம். அத்தான் நின்றார், வலையைப் பிடுங்கிய கையோடு. அதில் ஒரு எழுத்தைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. எதிரியின் அறியாமை என்ற சொல்லை மட்டும் எடுக்கச் சொல்கிறேன். அந்தச் சாவடியில் அறியாமல் தவறு செய்தவள் நான் ஒருத்திதான். அதைத் தெரிந்தே திருத்தியவர் அவர்.

நான்காவது கடிதத்தை நேற்று எழுதி முடித்தேன். இந்த முறை குறிப்பை மாற்றும்படி கேட்கவில்லை. பென்சில் எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது; தாளை ஜன்னல் வெளிச்சத்திலிருந்து எடுத்து நிழலான பக்கம் வையுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.