இடது முன்னங்கால்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அண்ணியிடம் இருந்து கறந்தது. அவர் ஓவியர். மனித முகங்கள் மட்டுமே வரைகிறவர். அவரிடம் குதிரை லாயம் வைத்திருக்கும் ஒருவர் வந்து, தன் குதிரையை வரைந்து தரச் சொன்னார். வேறொருவர் அதைத் தன் சின்ன மகளுக்காக விலை பேசியிருக்கிறாராம். குதிரையோடு படத்தையும் பரிசாகக் கொடுத்தால் நன்றாக இருக்குமாம்.

காற்றைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து வந்த அந்தக் குதிரை...

(வேண்டாம். இந்தக் கதையில் குதிரை ஓடவே இல்லை. நிற்கிறது. அதுதான் பிரச்சினையே.)

2

அண்ணி அதுவரை குதிரைக்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை. லாயத்தின் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் கண்ணைப் பார்த்தார். அது பிடி கொடுக்கவில்லை. கால்களுக்கு வந்தபோது இடது முன்னங்கால் மட்டும் தாளில் ஒவ்வொரு முறையும் முன்னே தள்ளி விழுந்தது. கை பழகவில்லை என்று அழித்து அழித்துப் போட்டார். பிறகு பென்சிலை வைத்துவிட்டு வெறுமனே பார்த்தார். தப்பு கையில் இல்லை. ஏதோ வலியில் குதிரை அந்தக் காலில் பாரத்தையே வைக்கவில்லை.

இதைச் சொன்னபோது லாயக்காரர் படத்தைத்தான் பார்த்தார், குதிரையைப் பார்க்கவில்லை.

"அது எப்பவும் அப்படித்தாம்மா நிக்கும். நீங்க அந்தக் காலை மட்டும் நேரா போட்டுடுங்க."

3

இந்த லாயக்காரர் இவ்வளவு கச்சிதமாகக் கெட்டவராக அமைந்ததே எனக்கு உறுத்தியது. அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்கலாமே என்று அண்ணியிடம் கேட்டேன்.

"தெரியாதவரு எதுக்கு அந்தக் காலை மட்டும் நேரா போடச் சொல்றாரு?"

சரி, அவரை விட்டுவிடுகிறேன். இப்போது என் சந்தேகம் அண்ணிமேல்.

4

அண்ணி சொல்லும் முடிவு: பார்த்ததைப் பார்த்தபடியே வரைந்தார், லாயக்காரர் படம் வேண்டாமென்றார், வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது.

நேற்று அதன் கிட்டே போய் நின்றேன். மூன்று கால்களில் வண்ணம் மெல்லிசாக இருந்தது. இடது முன்னங்கால் பக்கம் மட்டும் மேலுக்கு மேல் பூசித் தடித்திருந்தது. அடியில் இன்னொரு காலின் விளிம்பு. நேரான கால்.

அப்படியென்றால் இந்தப் படம் முதலில் நேரான காலோடு அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போய், ஒருநாள் அவள் குதிரையிலிருந்து...

(எழுத மாட்டேன்.)

இல்லை, நேராக வரைந்துவிட்டு, கொடுப்பதற்கு முன்பே மனசு கேட்காமல் மாற்றியிருக்கலாம். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். அதனாலேயே நம்ப முடியவில்லை.

குதிரையை அவர்கள் வாங்கினார்களா என்று கேட்டேன். வாங்கினார்கள் என்றார்.

"நீங்க அவங்ககிட்ட காலைப் பத்திச் சொன்னீங்களா, அண்ணி?"

"உன் கதைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு எடுத்துக்க."

தூரிகைகளைக் கழுவ உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் எங்கள் கூடத்தில் வெயில் சாய்வாக விழும். அடியில் இருக்கும் கால் அப்போது நன்றாகத் தெரியும். ஒருநாள் வந்து பாருங்கள். எப்போது மாற்றினீர்கள் என்று கேட்பதென்றால் நீங்களே கேளுங்கள். எனக்கு அவர் அண்ணி.