செத்த ஆட்டுக்கு அனுமதி வேண்டாம்

1

இந்தக் கதை பிறந்த இடம் ஊர்காவற்றுறை பஸ். ஆட்டின் சூலகத்திலுள்ள ஸ்டெம் செல் எனும் மூலக்கலங்களிலிருந்து முட்டை மாதிரியான கலங்களை வளர்க்கிறார்கள் என்று கைபேசியில் படித்தேன். விளங்கியது பாதிதான். ஆனாலும் கரம்பொன்னில் இறங்குவதற்குள் அதைப் போட்டிக்கு அனுப்பும் கதையாக்கிவிட்டேன். என்னைப் போன்றவர்களுக்கு அரைகுறை விளக்கமே போதும்.

முதல் தொடக்கம்: "கோயில் வேள்வியில் ஆடுகள் விழ விழ, ஆய்வாளன் ரஜீபன் ஐஸ் பெட்டியோடு நின்று சூலகங்களைச் சேகரி—"

வேள்வியில் வெட்டுவது கிடாய். கிடாய்க்குச் சூலகம் ஏது? தீவில் பிறந்த எழுத்தாளருக்கு இது பத்து வரி எழுதிய பிறகுதான் உறைத்தது.

2

ஆகவே மறியாடு, அதாவது பெண்ணாடு, வேண்டும். அம்பிகை என்ற பெண்ணிடம் ஒன்று நிற்கிறது. இரண்டு வருடமாகக் குட்டி போடவில்லை. அம்பிகைக்கும் பிள்ளையில்லை, ஆகவே அந்த ஆடுதான் அவளுக்கு—

(மலட்டு ஆட்டுக்கு மலட்டுப் பெண்ணைச் சோடி சேர்க்கும் மலிவான வேலை. அடித்துவிட்டேன். அம்பிகைக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் கனடாவில். "உந்த ஆட்டை வித்துத் தள்ளுங்கோ அம்மா" என்கிறார்கள். புருஷன் கதிர்காமு சொல்வதும் அதுதான்.)

அவளுக்கு அந்த ஆட்டில் பெரிய விருப்பம். அவள் வேலிப் படலையைத் திறந்தால் அது எழும்பி நிற்கும். வேறு காரணம் கேட்காதீர்கள்.

3

ரஜீபன் ஐஸ் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வந்தான். அவனைக் கெட்டவனாக எழுதப் பார்த்தேன். அதற்குக்கூட அவன் லாயக்கில்லை. ஆய்வறிக்கைக்கு நாள் நெருங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"அக்கா, இறைச்சிக்காரருக்கு வித்துவிடுங்கோ. வெட்டேக்கை நான் பக்கத்தில நிண்டு சூலகத்தை எடுத்துக்கொண்டு போவன். அதிலயிருந்து முட்டை மாதிரி ஒண்டை வளர்ப்பம்."

"அதில குட்டி வருமோ தம்பி?"

"இப்ப வராது. பார்வைக்கு முட்டை மாதிரி இருக்கும்."

"இவளை உயிரோட வைச்சு ஒரு துண்டு எடுக்க ஏலாதோ?"

"ஏலும். ஆனா நெறிமுறைக் குழுவிட்ட அனுமதி எடுக்க ஆறு மாதம் செல்லும். செத்த ஆட்டுக்கு அனுமதி வேண்டாம்."

(இங்கே அவளுக்குக் கண்ணீர் வைக்கலாமா என்று யோசித்தேன். அவள் நின்ற நிலையைப் பார்த்துக் கைவிட்டேன்.)

"அப்ப நீர் சூலகம் கேக்கேல்லை. இவளைச் சாகக் குடுக்கச் சொல்லுறீர். நான் தரமாட்டன். போயிட்டு வாரும்."

ரஜீபன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். போகும்போது, படலையடியில் நின்ற கதிர்காமுவிடம் தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

4

முடிவு ஒன்று: முட்டை மாதிரியானது நிஜ முட்டையாகி, குட்டி பிறந்து, அமைச்சர் வந்து மாலை— குமட்டுகிறது.

முடிவு இரண்டு: அடுத்த மாதமே ஆடு தானாகச் சினைப்படுகிறது. இப்படி எழுதுகிறவனின் பேனையைப் பறித்துக் கடலில் எறியவேண்டும்.

வியாழக்கிழமை அம்பிகைக்கு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் சீனி வருத்தக் கிளினிக். வீட்டில் கதிர்காமுவும் ஆடும் மட்டும். அவருடைய சட்டைப்பையில் அந்த இலக்கம். மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். மூன்று தரமும் அவர் கயிற்றை அவிழ்க்கிறார். இவ்வளவு நேரமும் எல்லோரையும் நக்கலடித்த எனக்கு அதற்குமேல் எழுதத் துணிவில்லை.

நீங்கள் எழுதுங்கள். மத்தியானம் அவள் பஸ்ஸால் இறங்கிவந்து படலையைத் திறப்பாள். ஆடு எழும்பி நிற்குமா என்பது உங்கள் பொறுப்பு. நிற்காவிட்டால், அவளுக்கு நீங்களே சொல்லுங்கள்.