முள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைப்பானேன்? ஒரு கணினி உறைந்து நின்றதிலிருந்து வந்தது. உறைந்தது என்னுடையது அல்ல, அண்ணனுடையது. என்னுடையது இந்த வரி வரை ஒழுங்காக ஓடுகிறது, கண் படாமல் இருக்கட்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஒரு மனிதன் தன் குரலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு முன்—

அண்ணன் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று விட்டுவிட்டேன். [அடுத்த தொடக்கத்தில் மழை பெய்தது. அன்று மழையே இல்லை.]

நேராகவே சொல்கிறேன். அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்குள் அவன் குரலில் எத்தனை வாக்கியங்களைப் பதிய முடியுமோ அத்தனையும் பதிந்துவிட வேண்டும். பிறகு கைக்கருவியில் பொத்தானைத் தொட்டால் வாக்கியம் அவன் குரலிலேயே ஒலிக்கும்.

"நீதானே எழுத்தாளன்? இனிமே நான் பேசப்போறதை எல்லாம் எழுதிக் குடு," என்றான்.

எந்தப் பத்திரிகையும் என்னிடம் இப்படி ஒரு வேலையைக் கேட்டதில்லை.

2

என் வாக்கியங்களைப் படித்துப் பார்த்தவன் முகத்தைச் சுளித்தான்.

"'எனக்குக் கொஞ்சம் தண்ணீர் தருகிறாயா?' யாருடா இப்படிப் பேசுவாங்க? 'தண்ணி'. அவ்வளவுதான்."

அண்ணன் கார் ஓட்டக் கற்றுத் தருபவன். நான் எழுதாத ஒன்றைத் தானே சேர்த்தான்: "பிரேக்கு! பிரேக்கு!" அதையும் மூன்று விதமாகப் பதிந்தான். "ஒண்ணு புதுசா வர்றவங்களுக்கு. ஒண்ணு பழகினவங்களுக்கு. மூணாவது, சுவத்துல மோதுறதுக்கு முன்னாடி."

அண்ணி விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். ஒரு பாத்திரமாக அவரை நம்புவீர்களா என்று. அவர் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். நாள் முழுக்க ஒவ்வொரு வில்லையாக மாற்றி, "இப்ப எப்படி இருக்கு? இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் வேலை. கதைக்கு வசதியாக நான் இட்டுக்கட்டியது என்று நினைப்பீர்கள். இல்லை, அவர் வேலையே அதுதான். வீட்டுக்கு வந்தாலும் வாய் நிற்காது.

3

பதிவுகள் எல்லாம் பக்கத்து அறையில் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்குப் போய்ச் சேரும். வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த வட்டுகள் அதற்குள் இருக்கின்றன. மூன்று பேரும் அவரவர் கணினியிலிருந்து எடுத்துக் கேட்கலாம். பெட்டியின் ரீங்காரம் பதிவில் விழுகிறது என்று அண்ணி அதை அலமாரிக்குள் வைத்தார். சற்று நேரம் வேலை இல்லாவிட்டால் வட்டுகள் தூங்கிவிடும்படியும் செய்தார்.

அண்ணன் தன் பங்குக்கு ஒன்று செய்தான். கணினி, வட்டுகள் இவற்றின் சூட்டையும் விசிறியின் வேகத்தையும் காட்டும் ஒரு கண்காணிப்பு மென்பொருளைப் போட்டான். திரையின் மூலையில் கார் டேஷ்போர்டு மாதிரி வட்ட வட்டமாக முட்கள். "முள்ளைப் பாக்காம வண்டி ஓட்டக் கூடாதுடா."

இரண்டு பேர் செய்ததிலும் தப்பில்லை. ஆனால் கணினி படுக்க ஆரம்பித்தது. அண்ணன் ஒரு வாக்கியத்தைச் சொல்வான், சேமிப்பான். திரை அப்படியே நிற்கும், நீலமாகும், கணினி தானே மறுபடி எழும். சொன்ன வாக்கியம் போயே போய்விடும்.

கேபிளை மாற்றினேன். விசிறித் தூசியைத் தூரிகையால் தட்டினேன். நினைவகத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். "முள்ளு சரியாத்தான் இருக்கு, ஜுரம் இல்ல," என்றான் அண்ணன். [இந்த இடத்தில் வைரஸைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. வைரஸும் இல்லை, பத்தியும் இல்லை.]

ஒன்று மட்டும் புரிந்தது. தொடர்ந்து பேசும்போது கணினி நிற்பதில்லை. தொண்டை வலிக்கிறது என்று அவன் ஓய்வெடுத்துவிட்டு வந்தால்தான் நிற்கிறது. அதனால் அவன் ஓய்வெடுப்பதையே விட்டான். குரல் கரகரத்துக்கொண்டே போனது. காப்பாற்ற வந்த குரலை நாங்களே தேய்த்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பயமாக இருந்தது.

4

புதன்கிழமை காலை. அண்ணன் தண்ணீரை வாயில் வைத்திருந்தான்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார் அண்ணி.

அவன் கையை உயர்த்தினான்.

"வலிக்குதா? முன்னைக்கு இப்ப தேவலையா? எப்படி இருக்குன்னு சொல்லுங்களேன்!"

புரையேறிவிட்டது. இருமி முடித்துக் கத்தினான். "ஏம்மா, முழுங்க விடு! பதில் வர்றதுக்குள்ள அடுத்த கேள்வி கேட்டா நான் எப்படிச் சொல்றது?"

அண்ணியின் முகம் சுருங்கியது. நான் அவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் முட்கள் துடித்தன, ஒவ்வொரு நொடியும்.

"அண்ணா, இந்த முள்ளு யார் யாரைக் கேக்குது?"

"எல்லா வட்டையும்தான்."

"பக்கத்து ரூம்ல தூங்குற வட்டையுமா?"

அண்ணன் வாயைத் துடைத்தபடி என்னைப் பார்த்தான்.*

மென்பொருளை மூடினோம். அவனை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு வட்டுகள் தூங்கும்வரை காத்திருந்தோம். அலமாரியில் ரீங்காரம் அடங்கியது. பிறகு "தண்ணி" என்று சொல்லிச் சேமித்தான். சற்றுத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது, ஆனால் போய்ச் சேர்ந்தது.

"நானும் அந்த முள்ளும் ஒண்ணுதானா தம்பி?" என்றார் அண்ணி. சிரிக்கத்தான் பார்த்தார், கண் கலங்கிவிட்டது.

* அந்த விசாரிப்பைப் பெட்டி ஒரு வேலையாக மதிப்பதில்லை, அதனால் தூங்கிவிடும். சேமிக்கும்போதுதான் எழும்; எழுந்து பதில் சொல்லக் கொஞ்ச நேரம் வேண்டும். முள் பொறுக்காது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கேள்விகள் குவிந்து, கடைசியில் கணினியே திக்குமுக்காடி நிற்கும். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தை அந்த நேரத்தில் வெளியே காட்ட முடியவில்லை.

5

முடிவுகள் நிறைய எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கடைசி வாக்கியத்தின்போது கணினி மறுபடி படுத்துவிடுகிறது. அழ வைப்பதற்காகவே செய்தது, தூக்கிப் போட்டேன். இன்னொன்றில் அறுவை சிகிச்சையே தேவையில்லை என்று மருத்துவர்—

வேண்டாம். அது நடக்கவில்லை.

நடந்தது இது. அன்று மாலை அண்ணன், "இவ கேக்கப்போற கேள்விக்குப் பதில் வெச்சுக்கணும்ல?" என்று நிறுத்தி நிதானமாக மூன்று பதில்களைப் பதிந்தான். "நல்லா இருக்கேன்." "வலிக்குது." மூன்றாவது நான் எழுதியது இல்லை: "பக்கத்துல உக்காரு."

இப்போது அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். கழுத்தில் கட்டு, மடியில் கருவி. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அண்ணி கடையிலிருந்து வந்தார், பையை வைத்தார்.

"எப்படி இருக்கு?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அடுத்த கேள்வி உதட்டு வரை வந்ததை நான் பார்த்தேன். வெளியே விடவில்லை. அண்ணனின் விரல் திரைமேல் மெதுவாக நகர்கிறது.

எந்தப் பொத்தான் என்று எழுத என் கை பரபரக்கிறது. அவன் இனிப் பேசப்போவதில் பாதியை ஏற்கெனவே நான்தான் எழுதியிருக்கிறேன். இதையாவது அவனே சொல்லட்டும். நீங்களும் கேட்டுவிட்டீர்கள் அல்லவா? கொஞ்சம் பொறுங்கள், மறுபடி கேட்காதீர்கள்.