விஜயலெட்சுமியின் கூடையில் கூடுதல் நிறை

2005ஆம் ஆண்டு வைகாசி நாலாம் தேதி தொடங்கி, விஜயலெட்சுமியின் கூடை உள்ளே இருக்கிற தேயிலைக் கொழுந்தைவிடக் கூடுதலாகவே நிறை காட்டிவருகிறது. முதல் நாள் அந்தக் கூடுதல் மூன்று கிலோ நானூறு கிராம். பூனாகலையில் பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இரண்டு மைல் ஏறினால் வருகிற கல்லுப்பாலம் தோட்டத்தில் இதை யாரும் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு நியாயமும் இருந்தது. அந்தத் தோட்டத்துத் தராசு கழிப்பதற்கென்றே பிறந்தது. கூடைக்கு ஒரு கிலோ, மழை ஈரத்துக்கு ஒரு கிலோ, முற்றல் இலைக்கு அரைக் கிலோ என்று தாத்தா பூட்டன் காலத்திலிருந்து கழித்துக்கொண்டே வந்த தராசு, அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூட்டிக் காட்டியது. இத்தனை காலம் தின்றதில் கொஞ்சத்தைக் கக்கியிருக்கிறது என்று கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வரிசையாக நின்ற பெண்கள் சிரித்தார்கள். நிறுத்து எழுதுகிற கணக்கப்பிள்ளை தயாபரன் மட்டும் கூடையைத் தரையில் விரித்த படங்குச் சாக்கில் கவிழ்த்து, அடியில் கல் கிடக்கிறதா என்று தேடினார். கொழுந்தைச் சாக்கில் போட்டு நிறுத்தார். சரியாக ஒன்பது கிலோ. திரும்பவும் கூடையில் போட்டு மாட்டினார்; பன்னிரண்டு நானூறு. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

விஜயலெட்சுமிக்கு அன்றைக்கே விஷயம் தெரியும். அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற அழகையாவைக் கட்டி மூன்று வருடம் கழித்துச் சித்திரையில் ஒரு பெண் பிள்ளை பிறந்து, பத்தொன்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. ஆறாம் நம்பர் மலையில், அவள் எப்போதும் கொழுந்து எடுக்கிற தேயிலை நிரையின் ஓரத்தில் பிள்ளையை மண்ணில் வைத்தார்கள். முப்பத்தோராம் நாள் தொட்டில் கட்டிப் பெயர் வைப்பதுதான் அவர்கள் வழக்கம் என்பதால், போன பிள்ளைக்குப் பெயர் கிடையாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் ‘விஜயலெட்சுமியின் பெண் பிள்ளை’ என்று மட்டும் எழுதி, பிள்ளையின் நிறையை மாதாமாதம் குறிக்கிற பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். அந்த முப்பத்தோராம் நாளில் லயத்து வரிசை வீட்டில் வெறும் காம்பராவில் உட்கார்ந்திருக்க மனம் கேட்காமல்தான் அவள் வேலைக்குப் போனாள். கூடையின் கயிறு தலையில் அழுந்தவில்லை, முதுகில் பாரம் தெரியவில்லை. ஆனால் தராசு முள் அந்த இடத்தில் போய் நின்றபோது, மார்பில் பால் கட்டிக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் என்று பயந்தாள்.

தயாபரனிடம் மட்டும் ஒன்று கேட்டாள்.

“ஐயா, அது கொழுந்து இல்லைங்க. அதுக்குச் சம்பளம் எதுவும் வேணாம். கழிச்சு மட்டும் விட்றாதீங்க. தனியா எழுதி வைங்க.”

“என்னன்னு எழுதுறது?”

அவர் விஜயலெட்சுமியின் பெயருக்குக் கீழே ஒரு சின்னக் கோடு இழுத்து, கோட்டுக்கு நேரே மூன்று நானூறு என்று எழுதினார். ஐந்தரை வருடம் அந்தக் கோட்டை அவர் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. கோட்டுக்கு நேரே இருந்த எண் மட்டும் மெல்ல மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது.

2010இல் தோட்டத்தை நிர்வகிக்க வந்த புதிய துரை புத்தகத்தைப் புரட்டும்போது இந்தக் கோடுகளைக் கண்டார். தராசுக் கோளாறு என்று கம்பனிக்கு எழுதினார். கம்பனி பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. இப்படித்தான் பொறியியல் பீடத்திலிருந்து ஸரூக் வந்து சேர்ந்தார். பதுளை பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவரின் மகன். ஆணி, சங்கிலி, படிக்கல் என்று நிறைகளுக்கு நடுவில் வளர்ந்தவர். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று ஒரே ஒரு மாற்றுச் சட்டையோடு வந்தவர், மூன்று மாதம் தங்கினார். அவர் எழுதிய குறிப்பைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். மலைச்சரிவு நகர்கிறதா என்று அளப்பவர்கள் மடுவத்தைச் சுற்றிக் கம்பிகள் நட்டார்கள். பொருட்களின் உறுதியைச் சோதிப்பவர்கள் கூடையின் பிரம்பில் ஒரு துண்டு நறுக்கிக்கொண்டு போனார்கள். மின்னியல்காரர்கள் தராசுக்குக் கீழே செப்புத் தகடு விரித்தார்கள். பிறகு கலைப்பீடமும் கிளம்பியது. தோட்டத்து மயானத்தில் கல்லெழுத்துப் படிக்கிறவர் ஒருவர், தாலாட்டைப் பதிவு செய்கிறவர் ஒருவர், தோட்டத்துப் பேச்சில் எடைக்கும் அளவுக்கும் எத்தனை சொல் இருக்கிறது என்று எழுதுகிறவர் ஒருவர். மெய்யியல் பேராசிரியர் பகல் முழுக்கக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்து, கூடையும் சரி, தராசும் சரி என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துப் போனார். மொத்தத்தில் அவர் சொன்னதுதான் கொஞ்சமாவது உருப்படி.

அவர்களில் நிஷாந்தினி வரலாற்றுத் துறை. ஹல்துமுல்லைப் பக்கத்து லயத்தில் பிறந்து படித்து வந்தவள் என்பதால், வந்த அன்றே அடுப்படியில் உட்கார்ந்து விஜயலெட்சுமியோடு ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். ஸரூக்குக்கும் இவளுக்கும் ஆகாது. கதை கேட்பதெல்லாம் ஆராய்ச்சியா என்று அவர் நினைத்தார். எண்ணை எழுதிவிட்டால் விஷயம் தெரிந்துவிடுமா என்று இவள் நினைத்தாள். தங்குமிடத்திலிருந்து இரண்டு பேரும் தினமும் ஒரே வேனில் வந்து ஒரே வேனில் போனார்கள், ஆனால் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

நிஷாந்தினியின் படிவத்தில் குடும்பத்தார் பெயர் எழுத வரிசையாக இடம் இருந்தது. “பிள்ளைங்க இருக்காங்களா அக்கா?” என்று கேட்டதற்கு விஜயலெட்சுமி தகரப் பெட்டியைத் திறந்து அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஐந்து வருடமாக யாரும் தொடாத அட்டை. அந்த நேரம் பார்த்து, கூடையை எடுத்துப்போக ஸரூக் வாசலில் வந்து நின்றார். கையில் கட்டம் போட்ட தாள். தயாபரனின் புத்தகத்திலிருந்து கோட்டுக்கு நேரே இருந்த எண்களையெல்லாம் எடுத்து, மாதவாரியாகப் புள்ளி வைத்து இணைத்திருந்தார். அட்டையை எட்டிப் பார்த்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தன் தாளை அதன் பக்கத்தில் வைத்தார். அட்டையில் இருந்த ஒற்றைப் புள்ளியிலிருந்து அவர் கோடு கிளம்பி, அட்டையில் அச்சடித்திருந்த பிள்ளை வளர்ச்சி வளைவோடு, கொஞ்சம் கீழே, தோட்டத்துப் பிள்ளைகள் போகிற வழியில் ஏறிப் போனது. ஓர் இடத்தில் மட்டும் கோடு சரிந்து எழுந்திருந்தது.

“ரெண்டாயிரத்து ஒன்பது பங்குனியில ஒண்ணரைக் கிலோ எறங்கியிருக்கு. அது எனக்கு வெளங்கல்ல” என்றார் ஸரூக்.

“அந்த வருசம் லயம் முழுக்க அம்மை போட்டிருந்துச்சுங்க” என்றாள் விஜயலெட்சுமி.

மூன்று பேரும் அழுதார்கள். ஸரூக் அழுததை நிஷாந்தினி பார்க்காத மாதிரி இருந்தாள், அதிலிருந்துதான் அவர்களுக்குள் பேச்சு வந்தது. படிவத்தில் பெயருக்கான இடம் காலியாகவே இருக்கிறது என்று அவள் தயங்கிச் சொன்னபோது, விஜயலெட்சுமி கொஞ்சமும் யோசிக்கவில்லை. முப்பத்தோராம் நாளுக்கென்று மனதில் எடுத்து வைத்திருந்த பெயர் அப்படியே இருந்தது. லோஷினி என்று எழுதச் சொன்னாள். மறுநாள் தயாபரனும் கோட்டை விட்டுவிட்டு அந்தப் பெயரை எழுத ஆரம்பித்தார்.

துரைக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. பிள்ளையோ பேயோ, புத்தகத்தில் ஒழுங்கு வேண்டும் என்றார். கொழும்பிலிருந்து இலக்கம் காட்டுகிற புதுத் தராசு வந்தது. அதில் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு கழி என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். விஜயலெட்சுமியின் பெயருக்குப் பதினைந்தரைக் கிலோ கழிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். அதைச் செய்ய வேண்டியவர் ஸரூக்.

“சார், கழிச்சிட்டா அவ எங்கங்க போவா?” என்று கேட்டாள் விஜயலெட்சுமி. “நான் அவளத் தூக்குனதே இல்ல. பாரம் தெரியாது. அந்த முள்ளு நகர்றதப் பாத்துத்தாங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்.”

தராசைத் தான் பொருத்தாவிட்டால் வேறொருவன் வந்து பொருத்துவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, 2011 தை மாதம் ஒரு திங்கட்கிழமை ஸரூக் அதைப் பொருத்தினார். பத்து மணி நிறுவைக்கு விஜயலெட்சுமி எட்டுக் கிலோ கொழுந்தோடு வந்து நின்றாள். துரையும் வந்திருந்தார். கூடையை மாட்டினார்கள். தராசு, பூச்சியத்துக்கும் கீழே ஏழரைக் கிலோ என்று காட்டியது. கழிக்கச் சொன்னதைத் தராசு ஒழுங்காகக் கழித்திருந்தது. கழிக்கப்பட வேண்டியதுதான் கூடையில் இல்லை. கழிப்பை நிறுத்திவிட்டு மாட்டினார் ஸரூக். வெறும் எட்டுக் கிலோ. வந்த வேலை முடிந்தது என்று துரை போய்விட்டார். விஜயலெட்சுமி மடுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். முதல் தடவை பிள்ளை போனபோது சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், அழுவதற்கு ஒரு முறை இருந்தது. இந்தத் தடவை எதுவும் இல்லை. பகல் நிறுவையிலும் எட்டுத்தான்.

பிற்பகல் மணி ஒன்றரை தாண்டியதும், ஆறாம் நம்பர் மலைக் குறுக்குப் பாதையில் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகள் ஏறி வந்தார்கள். அன்றைக்குத்தான் முதலாம் வகுப்புக்குச் சேர்ந்த ஏழெட்டுப் பேர், கஞ்சி மொடமொடப்புப் போகாத வெள்ளைச் சட்டையோடு, புத்தகப் பையை முழங்காலில் இடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். நிரையில் நின்ற விஜயலெட்சுமி அவர்களைப் பார்த்தாள். வயதை விரல்விட்டு எண்ணினாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு, அந்தி நிறுவைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போதே மடுவத்துக்கு ஓடினாள். தயாபரன் ஒன்றும் கேட்காமல் மாட்டினார். கூடையில் இரண்டு கிலோ கொழுந்துகூட இருக்காது. தராசு பதினேழு கிலோ முந்நூறு என்று காட்டியது.

“பள்ளிக்கூடம் போயிட்டு வந்திருக்கா ஐயா” என்றாள்.

கழிப்பதற்கு உத்தரவு போட்ட துரையிடம் ஸரூக் மிகவும் பணிவாக விளக்கினார். காலையில் கழிக்கக் கூடாது, பின்னேரம் கழிக்கலாம். சனி ஞாயிறு, பௌர்ணமிப் போயா லீவு, தவணை லீவு எல்லாவற்றுக்கும் தனித்தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். பிள்ளைக்குச் சுகமில்லாமல் வகுப்புக்குப் போகாத நாளைத் தராசுக்கு முன்கூட்டி அறிவிக்க வழியே இல்லை. துரை தலையைப் பிடித்துக்கொண்டு, பழையபடியே எழுதித் தொலையுங்கள் என்றார். தயாபரன் மடுவத்துச் சுவரில் பாடசாலை நாட்காட்டியை ஆணி அடித்து மாட்டினார். அது இன்றைக்கும் அங்கே இருக்கிறது, வருடம் மட்டும் மாறும்.

வருடங்கள் ஓடின. துரைகள் மாறினார்கள். லோஷினி இருபது கிலோ ஆனாள், முப்பது ஆனாள். சனிக்கிழமைக் காலையிலும் கூடை லேசாகிவிட்டதிலிருந்து, பண்டாரவளைக்கு டியூஷன் போகிறாள் என்று தெரிந்தது. கொரோனா வந்து பாடசாலைகள் மூடிக் கிடந்த மாதங்களில் காலை, பகல், அந்தி என்று எல்லா நிறுவையிலும் இருந்தாள். நாட்டுக்கே பொல்லாத காலம் அது. விஜயலெட்சுமிக்கு மட்டும் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நாற்பத்தாறு கிலோவில் நிறை நின்றது. கொக்கி தாங்காது என்று ஸரூக் பதுளைக் கடையிலிருந்து புதுக் கொக்கி கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார்.

2025இல் ஒரு திங்கட்கிழமை அந்தி நிறுவையில் லோஷினி இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. பத்து நாள் விஜயலெட்சுமி சரியாகச் சாப்பிடவில்லை. அழகையா ஆறாம் நம்பர் மலையில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். பதினோராம் நாள் ஸரூக்கிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, எங்கட பல்கலைக்கழக ஆய்வுகூடத்துத் தராசு பத்து நாளா சும்மாவே நாற்பத்தாறு காட்டுது. மேல ஒண்ணுமே இல்ல. காலையில எட்டு மணிக்கு வருது, பன்னெண்டு மணிக்குப் போயிருது.”

“பன்னெண்டுக்கு மேல எங்கங்க போறா?”

அது ஸரூக்குக்கும் தெரிந்திருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நிஷாந்தினி அழைத்துச் சொன்னாள். கலைப்பீடத்தில் தராசு என்று ஒன்று கிடையாது. ஆனால் நூலக மின்தூக்கி இப்போதெல்லாம் பின்னேரங்களில் ஆறு பேர் ஏற வேண்டிய இடத்தில் ஐந்து பேர் ஏறினாலே பாரம் கூடிவிட்டது என்று மணி அடிக்கிறது. மூன்றாம் மாடியில், வரலாற்றுப் புத்தகங்கள் இருக்கிற இடத்தில், நின்றதும் மணி ஓய்ந்துவிடுகிறது. இரண்டு பீடங்களுக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. பிள்ளை எந்தப் பீடத்தைச் சேர்ந்தது என்று தீர்மானிக்க ஒரு குழு போட்டு, குழு நாலு தடவை கூடி, அதுவாகவே தீர்மானிக்கட்டும் என்று கலைந்தது. அதுவரை ஒரு மேசையில் உட்கார்ந்தறியாத பொறியியல்காரர்களும் கலைப்பீடத்தாரும், லயச் சுவர்களின் ஈரத்தையும் அந்தச் சுவர்களுக்குள் பாடிய தாலாட்டுகளையும் ஒரே திட்டத்தில் ஆராய்கிறார்கள் என்று கேள்வி.

விஜயலெட்சுமிக்கு எந்தப் பீடம் என்பது கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸரூக்குக்குப் போன் எடுத்து நிறை கேட்பாள். ஒரு வாரம் நாற்பத்தைந்தரை என்றார். அரைக் கிலோ குறைந்ததைக் கேட்டதும் இவள் கோபப்பட்டு, ரொட்டியும் காரமாக இடித்த கட்டச்சம்பலும் கட்டி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். பார்சலை என்ன செய்வதென்று தெரியாமல் ஸரூக் தராசுக்குப் பக்கத்தில் பிரித்து வைத்தார். மறுநாள் ரொட்டி ஒன்றுகூடக் குறையாமல் இருந்தது, தராசு முந்நூறு கிராம் கூடியிருந்தது. ரொட்டியை மாணவர்கள் தின்றுவிட்டார்கள். அதிலிருந்து வாரம் ஒரு பார்சல் போகிறது.

மார்கழி மழையில் ஒரு வியாழக்கிழமை, பத்து மணி நிறுவைக்கு விஜயலெட்சுமி நனைந்த படங்கை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். தயாபரன் கூடையை மாட்டினார். புதுக் கொக்கி ஒரு தடவை முனகியது. தராசு ஐம்பத்து மூன்று காட்டியது. அவர் விஜயலெட்சுமி ஏழு, லோஷினி நாற்பத்தாறு என்று எழுதினார். ஈரத்துக்கு ஒரு கிலோவைக் கழித்தார், அது தாயின் கணக்கில்.

“லீவு விட்டாச்சுங்களா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த கூடைக்குக் கை நீட்டினார்.