வாரண்டி அட்டையில் ஓர் இடைவெளி

1

இந்தக் கதை என் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது. அதனால் இதைக் கற்பனை என்று சொல்லிப் பெருமைப்பட முடியாது. மேடான் நகரத்தில் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் லேப்டாப் கடையில், பின்பக்க மேசையில் பழுது பார்ப்பவன் நான். வேலை இல்லாத நேரத்தில் ஏதாவது தூரதேசத்து நாவலை மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பழக்கத்தால் முன்பக்கத்து வியாபாரமும் எனக்குக் கதையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

முதல் வரியாக எழுதியது: 'அவள் கடைக்குள் நுழைந்தபோது வெளியே மழை'

மழையே இல்லை. ஏசிதான் ஒழுகியது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'ஒன்றரைக் கிலோவுக்கு மேல் என் தோள் தாங்காது என்றாள் அவள்.'

இது உண்மையில் அவள் சொன்னது. இங்கிருந்தே தொடங்கலாம்.

2

அவள் பெயர் தியுர்மா. சமோசிர் தீவில் மூன்று பள்ளிகளில் பாடம் நடத்துகிறாள். படகு, பிறகு வாடகை பைக்கில் பின்சீட்டு, பிறகு மேட்டில் நடை. எல்லாவற்றுக்கும் ஒரே தோள்பை. சனிக்கிழமைகளில் மட்டும் மேடானுக்கு வருவாள். விற்பனையில் இருந்தவன் பார்லின்.

"வேலைக்கு மட்டுந்தானா? கேம் ஏதாச்சும் ஆடுவீங்களா?"

"எப்பவாவது. கார் ரேஸ்."

"எப்பவாவதுன்னா எப்ப?"

"ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டு வந்து ஒரு மணி நேரம். சிரிக்காதீங்க. நிஜத்துல எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

பார்லின் சிரிக்கவில்லை. (ஏசி ஒழுகுவதற்கே சிரிக்கிறவன் அவன். அப்போதே எனக்குச் சந்தேகம்.)

முதலில் ஒரு மெல்லிய லேப்டாப்பை எடுத்து வைத்தான். எடை பூப்போல. ஆனால் ரேஸில் ஒவ்வொரு வளைவிலும் கார் நின்று நின்று திரும்பியது. அடுத்தது கேமுக்கென்றே செய்தது. கார் பறந்தது. "ரெண்டு கிலோதான்" என்றான் பார்லின். தியுர்மா அதையும் அதன் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு கீழே சலாக் பழக்காரியின் தராசுக்குப் போனாள். பார்லின் பின்னாலேயே ஓடினான்.

திரும்பி வந்து, "சார்ஜரோட ரெண்டே முக்கால். அந்தம்மா கிலோ என்ன விலைன்னு கேக்கறாங்க" என்றாள்.

"அடுத்த சனிக்கிழமை புதுசு வரும். வாங்களேன்" என்றான் பார்லின்.

பொய். அவளுக்குப் பொருத்தமானது என் மேசைக்குப் பின்னால் பெட்டியோடு இருந்தது. அன்று காலைதான் அதில் வழக்கம்போல ரேஸ் ஓட்டிச் சோதித்துவிட்டு அவனே அங்கே வைத்திருந்தான்.

3

ஏன் பொய் சொன்னான்?

பார்லினும் தியுர்மாவும் பத்தாக் இனத்தவர்கள். இரண்டு பத்தாக்குகள் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்வது குலப்பெயர். ஒரே குலம் என்றால் அண்ணன் தங்கை. கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. பெயர் வேறாக இருந்தாலும் முப்பாட்டன்கள் சத்தியம் செய்து சகோதரர்களான குலங்களும் உண்டு. அங்கேயும் இடமில்லை. இரண்டு வருடம் முன்பு பார்லினுக்கு ஒருத்தியைப் பிடித்திருந்தது. அவள் முழுப்பெயரைச் சொன்ன அன்றே எல்லாம் முடிந்தது. இப்போது தியுர்மாவைப் பிடித்திருக்கிறது. அதனால் கேட்கவில்லை.

ஆனால் எங்கள் கடையில் லேப்டாப் விற்றால் வாரண்டி அட்டையில் வாங்குகிறவர் தன் முழுப்பெயரைத் தானே எழுத வேண்டும். அவள் தேர்ந்தெடுக்காதவரை அட்டை இல்லை. அட்டை இல்லாதவரை அவனுக்கு நம்பிக்கை உண்டு.

கல்லாவில் இருக்கும் ரோஸ்பித்தா அக்கா சும்மா இருப்பாரா?

"ஏண்டா பார்லின், உடம்பு சரியில்லையா? குலம் கேக்காத பத்தாக்கை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"கஸ்டமர்கிட்ட அதெல்லாம் எதுக்குக்கா?"

"நேத்து தண்ணி கேன் போட வந்தவன்கிட்ட அவன் பாட்டன் பேரு வரைக்கும் கேட்டியே!"

4

இரண்டாம் சனிக்கிழமை ஒன்றைக் காட்டி, விசிறி இரைகிறது என்றான். மூன்றாம் சனிக்கிழமை இன்னொன்றைக் காட்டி, ராம் மெமரி பலகையோடு பற்றவைத்தது, பின்னால் கூட்ட முடியாது என்றான். மற்றொன்றின் திரை படகில் வெயில் பட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். சொன்னதெல்லாம் நிஜமான குறைகள். இவ்வளவு நேர்மையாக வியாபாரத்தைக் கெடுத்தவனை நான் பார்த்ததில்லை.

அவளும் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மூன்றாம் வாரம் தீவிலிருந்து ஒரு பை நிறைய சின்ன மாம்பழம் கொண்டுவந்தாள். கடைக்காரர்களுக்காம்.

5

இங்கே ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுடைய குலப்பெயர் எனக்கும் தெரியாது. கதைக்கு வேண்டுமே என்று, ஓசை பிடித்துப்போய், சிகோத்தாங் என்று வைத்தேன். அதுவரை எழுதியதை ரோஸ்பித்தா அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நம்ம பார்லின் மார்பூன் குலம்டா! மார்பூனும் சிகோத்தாங்கும் சத்தியம் பண்ணின குலம். ஒரே வார்த்தையில அவனைக் கொன்னுட்டியே, பாவி!"

இந்த ஊரிலேயே பிறந்தும், என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரைத் தவிர எதுவும் இல்லாத தமிழன் நான். எனக்கு எப்படித் தெரியும்? உடனே அடித்துவிட்டு சிம்போலோன் என்று மாற்றினேன். பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அன்று மதியம் பார்லின் அந்தப் பெட்டியின் தூசியைத் துடைத்து மறுபடி என் பின்னால் வைப்பதைப் பார்த்தேன். அவன் மூன்று வாரமாகப் பயப்படுவதை நான் ஒரு பேனாக் கீற்றில் தீர்ப்பதா?

சிம்போலோனையும் அடித்துவிட்டேன்.

6

இன்று நான்காம் சனிக்கிழமை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தியுர்மா வந்துவிட்டாள். கவுண்டரைத் தாண்டி நேராக என் மேசைக்கு.

"உங்க பின்னாடி இருக்கிற பெட்டியில என்ன? மொத வாரமே பாத்தேன்."

நான் பார்லினைப் பார்த்தேன். பார்லின் தரையைப் பார்த்தான். பிறகு அவனே வந்து எடுத்தான்.

ரேஸ் ஓடியது. வளைவுகளில் கார் வழுக்கிக்கொண்டு போனது. கீழே தராசில் சார்ஜரோடு சரியாக ஒன்றரைக் கிலோ. விசிறிச் சத்தம் கேட்கவே இல்லை.

"இதுல ஒரு குறையும் சொல்லலையே?" என்றாள்.

"இல்ல. இதுல இல்ல."

"நல்லாத் தேடிப் பாருங்க."

அவன் தேடினான். உண்மையாகவே தேடினான். கிடைக்கவில்லை.

ரோஸ்பித்தா அக்கா வாரண்டி அட்டையையும் பேனாவையும் தள்ளிவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டார்.

தியுர்மா பேனாவை எடுத்தாள். "உங்க பேட்ஜ்ல பேருக்குப் பின்னாடி ஏன் டேப் ஒட்டியிருக்கு?"

"அது... கிழிஞ்சிருந்துச்சு."

"பிளாஸ்டிக்கா?"

அவன் காது சிவந்தது.

"நானும் மூணு வாரமா உங்க குலத்தைக் கேக்கலையே" என்றாள் மெதுவாக. "கவனிச்சீங்களா?"

7

முடிவுகள் என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றில், நான் முதலில் அடித்துவிட்ட சிகோத்தாங் என்ற பெயரையே அவள் எழுதுகிறாள். அவன் டேப்பை உரித்துவிட்டு, பெட்டியை லிஃப்ட் வரை சுமந்து போய், தங்கையை அனுப்புவதுபோல அனுப்பி வைக்கிறான். மற்றொன்றில் வேறு பெயர். ரோஸ்பித்தா அக்கா கல்லாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்து சந்தோஷத்தில் கூவுகிறார். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரளமாக வந்தன. அதனாலேயே கிழித்தேன்.

இப்போது பார்லினின் விரல் டேப்பின் ஓரத்தில் இருக்கிறது. அவள் 'தியுர்மா' என்று எழுதிவிட்டு ஓர் இடைவெளி விட்டிருக்கிறாள். கழுத்தை நீட்டினால் அடுத்த எழுத்து எனக்குத் தெரியும். நான் ஒரு திருகாணியைத் தேடிக் குனிந்துகொள்கிறேன்.

பேனா உங்கள் கையில் இருக்கிறது. எழுதுவதற்கு முன் ரோஸ்பித்தா அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.