மும்முனை மின்சாரமும் அண்டார்டிகா நேரலையும்

மன்னார்குடியை அடுத்த சமுதாய வானொலி நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளரான செவ்வந்தி காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்டார்டிகா ஆய்வு நிலையத்தில் பணியாற்றும் உள்ளூர்ப் பொறியாளர் பரிதி, பத்து மணிக்குச் செயற்கைக்கோள் இணைப்பில் நேரலையாகப் பேசவிருந்தார். அங்கே சூரியன் உதிக்காத மாதம். பனிப்புயல் தொடங்கிவிட்டால் இணைப்பு மறுபடி எப்போது கிடைக்குமென்று அங்குள்ளவர்களாலேயே உறுதி கூற இயலவில்லை.

விவசாயிகள் வானொலியோடு மோட்டார்க் கொட்டகையில் அமர்ந்திருக்கும் வேளை என்பதாலேயே செவ்வந்தி அந்நேரத்தைத் தேர்ந்திருந்தார்.

பரிதியின் தந்தை மருதையன், சலவைச் சட்டையில் விறைப்பாக ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருந்தார்.

“ஐயா, பேசினதும் கொஞ்சம் பொறுங்க. உங்க குரல் போய்ச் சேர நேரமாகும்” என்றார் செவ்வந்தி.

“இங்க இருந்தப்பவே கூப்பிட்டா மெதுவாத்தான் திரும்புவான், விடும்மா.”

நேரலை தொடங்கியது. “அப்பா, கேக்குதா?” என்றார் பரிதி. உடனே விளக்குகள் மங்கின. செயற்கைக்கோள் இணைப்புப் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.

“த்ரீ ஃபேஸ் கரண்டு வந்துருச்சுக்கா. எல்லா மோட்டாரும் ஒண்ணா ஓடுது, வோல்டேஜ் இறங்கிருச்சு” என்றார் தொழில்நுட்ப உதவியாளர் பர்வின். மின்சாரத்தைச் சீராகத் தரும் யு.பி.எஸ். கருவி பழுதுபார்க்கத் தஞ்சாவூர் போயிருந்தது.

செவ்வந்திக்கு அப்போதுதான் உறைத்தது. விவசாயிகள் கொட்டகைக்கு வருவதே அந்த மும்முனை மின்சாரத்திற்காகத்தானே! விவசாயி வீட்டுப் பெண்ணாக இருந்தும் இது தோன்றாமல் போயிற்றே. குறுவைப் பயிர் வாடுகிற நாளில் மோட்டாரை நிறுத்தச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மருதையன் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். “தம்பி நாகநாதா, எல்லாரும் கேளுங்கப்பா. மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்க. எம்புள்ள பேசிக்கட்டும்.”

விளக்குகள் மெல்லத் தெளிந்தன. ஆயினும் பெட்டியின் பச்சை விளக்கு துடித்துக்கொண்டேயிருந்தது. தொலைபேசி ஒலித்தது, பர்வின் அதை ஒலிபரப்பில் இணைத்தார்.

“நாகநாதன் பேசுறேம்மா. நாங்க நிறுத்தியாச்சு. உங்களுக்குப் பக்கத்துல மருதையண்ணன் மோட்டார்தான் ஓடுது. கரண்டு வந்தா தானா ஓடுற மாதிரி ஆட்டோவுல போட்டு, கொட்டகையப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு அங்க வந்து உக்காந்துருக்காரு.”

மருதையன் இடுப்பைத் தடவினார். கரகரப்புக்கு நடுவே அண்டார்டிகாவிலிருந்து பரிதியின் குரல் வந்தது.

“சித்தப்பா, கொட்டகைக்குப் பின்னால தொட்டியோரம் ஒரு கல்லு கெடக்கும். அதுக்கு அடியில இன்னொரு சாவி இருக்கு.”

செவ்வந்தி பச்சை விளக்கையே பார்த்திருந்தார். சற்று நேரத்தில் அது துடிப்பதை விட்டு நிலையாக எரிந்தது.

“ஊருக்கே சொல்லிட்டியேடா” என்றார் மருதையன். பிறகு, செவ்வந்தி சொல்லிக்கொடுத்தபடியே, தம் குரல் போய்ச் சேரட்டும் என்று பொறுத்திருந்தார்.