இரண்டு பிரேக் வண்டி

செய்தி எழுதிப் பழகிய கை கதை எழுதினால் என்ன ஆகும் தெரியுமா கண்ணுகளா? கதையில் பேய் வந்தால்கூட, "என்று பேய் தெரிவித்தது" என்று எழுதும். எங்கள் நியூஸ் முதலில் அப்படித்தான் எழுதினாள்.

நியூஸ் என்பது அவளுடைய அக்கா வைத்த பட்டப்பெயர். அவள் ஒரு நாளிதழில் நிருபர். மாடியில் அவளும் புருஷனும், கீழ்வீட்டில் அக்கா. அக்காவுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. "கிளட்ச்சை விடு, மெதுவா விடு" என்று நாள் முழுக்கக் கத்துவதால் அவளைக் கிளட்ச் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

நியூஸுக்கு ஒரு மனக்குறை. பகலெல்லாம் கண்ணில் படுவதில் முக்கால்வாசியைப் பேப்பரில் போட முடியாது. பெரிய அதிகாரி ஒருவர் விறைப்பாகப் பேட்டி கொடுப்பார். மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் காலால் சொறிந்துகொண்டிருப்பார். எரிந்துபோன கடைக்குப் போவாள். கடைக்காரர் அழாமல், கருகிய காலண்டரில் அன்றைய தேதியைக் கிழித்துக்கொண்டிருப்பார். இதை எழுதிக் கொடுத்தால் செய்தி ஆசிரியர், "தாயே, எத்தனை கடை எரிஞ்சுது, அதைச் சொல்லு" என்பார். மிச்சப்பட்டதையெல்லாம் பஸ்ஸில் அசைபோட்டுக்கொண்டே வருவாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விடும். திரும்பி நடந்து வருவாளே, அந்த நடையில் பிறந்தவைதான் அவள் கதைகள்.

அவற்றைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் ஒப்புக்கொண்டார். "அந்தப் பிரேக் கதைதாம்மா அச்சாணி. அதுக்காகத்தான் போடறேன்" என்று சொல்லியே ஒப்புக்கொண்டார்.

அந்தக் கதை இதுதான். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமில்லையா? கல்யாணம் நின்றுபோன மறுநாள், கற்றுக்கொடுக்கிற ஒருத்தி வேலைக்கு வருகிறாள். காலி ரோடு. எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. திடீரென்று தன் பிரேக்கை மிதிக்கிறாள். ஓட்டிக்கொண்டிருந்த பெண், தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று "ஸாரி மேடம், ஸாரி மேடம்" என்கிறாள். மேடம் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள்.

கல்யாணம் நின்றது கிளட்ச் அக்காவுக்குத்தான். மறைக்க என்ன இருக்கிறது, தெருவுக்கே தெரியும்.

வேறு யாராயிருந்தாலும் வாயை மூடிக்கொண்டு அச்சுக்குக் கொடுத்திருப்பார்கள். இவள் நிருபர் ஆயிற்றே. யாரைப் பற்றி எழுதினாலும் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் அச்சேற்றக் கூடாது என்பது அவள் ஆபீஸ் சட்டம். கதைக்கும் அதையே பிடித்துக்கொண்டாள். ஒரு கதையில் வருகிற வாட்ச்மேனிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் யோசித்துவிட்டு, "எல்லாம் சரிதாம்மா, கொஞ்சம் உயரமா எழுதுங்க" என்றாராம். எழுதினாள்.

பிறகு அக்காவிடம் போனாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"தப்பு."

"எது தப்புக்கா?"

"நடுரோட்டுல நிறுத்துறா. இவளுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது? பின்னாடி லாரி வந்தா?"

"இது கதைக்கா."

"கதைன்னா லாரி வராதா?" அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "அப்புறம், நான் அழல. அன்னைக்கு மத்தியானம் ரெண்டு தட்டு சாப்பிட்டேன். நீயும் பக்கத்துலதான உக்காந்திருந்த? அழுதேன்னு போட்டா, நாளைக்கு என்னை நம்பி வண்டியில ஏறுறவங்க என்ன நெனைப்பாங்க?"

நியூஸ் தாள்களை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். அக்கா சொன்னதையெல்லாம் அப்படியே திருத்தி அனுப்பினாள்.

மறுநாளே பதிப்பாளர் கூப்பிட்டார். "என்னம்மா இது? வந்தா, ரிவர்ஸ் கத்துக்குடுத்தா, சாப்பிட்டா, தூங்கினா. இதுல கதை எங்க? பழசுன்னா போடுவோம். இல்லன்னா புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம்."

'அப்புறம் பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று பேப்பர்காரிக்குத் தெரியாதா? அவளே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

"உங்க அக்கா என்ன புத்தகக் கடைக்கா போகப் போறாங்க? பழசையே குடுத்துடு" என்றான் புருஷன்.

"கேக்காமலே இருந்திருக்கலாம். கேட்டுட்டு, வேண்டாம்னு சொன்னப்புறம் போட்டா அது என்ன பொழப்பு?"

புத்தகம் போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மனசு தேறினால்தானே? கீழே வந்து அக்காவின் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி நியூஸ், மூஞ்சி பெட்ரோல் தீர்ந்த வண்டி மாதிரி இருக்கு?"

சொன்னாள். அக்கா கையை நீட்டினாள்.

"பழசை எடு."

இந்தத் தடவை மெதுவாகப் படித்தாள். கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் படித்தாள்.

"இவ ஏன் இப்படி அழறா? நான்தான் அழலன்னு உனக்குத் தெரியுமே."

"நீ அழல. ரெண்டாவது தட்டு கேட்டியே, அப்ப என்னால அங்க உக்கார முடியல. மாடிக்குப் போயி..."

"தெரியும். எறங்கி வந்து மூஞ்சி கழுவுன. தூசின்னு சொன்ன." அக்கா தாள்களைத் தட்டிச் சேர்த்தாள். "அப்ப இவ நான் இல்ல. நீ."

நியூஸ் அதுவரை அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. தாள்களை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் தானும் ஒரு தரம் படித்தாள்.

"உன் அழுகையை நான் எதுக்குடி திருத்தணும்? அழட்டும். நல்லா அழட்டும்." எழுந்து அடுப்பைத் தணித்தாள். "ஆனா இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டிட்டு அழணும். அதுல நான் விடமாட்டேன்."

புத்தகம் வந்துவிட்டது கண்ணுகளா. அதில் மேடம் எட்டி இண்டிகேட்டரைப் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு கையால் திருப்பி, ஓரத்தில் நிறுத்திவிட்டுத்தான் அழுகிறாள். அழுது முடிகிறவரை இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில்தான் தனக்கே கண் கலங்கிவிட்டது என்றார் பதிப்பாளர்.

ஒரு பிரதி டிரைவிங் ஸ்கூல் வண்டியின் முன்கண்ணாடி ஓரமாகக் கிடக்கிறது. வெயில் பட்டு அட்டை வளைந்துபோயிற்று. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சிக்னலில் நிற்கும்போது அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்.

"மேடம், இந்தக் கதையில வர்றது நீங்கதான்னு சொல்றாங்களே?"

"நான் இல்ல. என் தங்கச்சி" என்றாளாம் அக்கா. "பச்சை விழுந்துடுச்சு பாரு. கிளட்ச்சை விடு. மெதுவா விடு."